மக்கு சார் கேட்ட கேள்விகள்

எங்கள் துறையில் அவரை எல்லோரும் மக்கு சார் என்றுதான் கூப்பிடுவோம், அவர் காதுபடவே. அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டதும் அவரேதான், அதனால் யாருக்கும் கூச்சம் கிடையாது. போன மாதம் பல்கலைக்கழக மலருக்காக அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். படித்தது, வாங்கிய பட்டம், வெளியிட்ட கட்டுரைகள், அவ்வளவு போதும் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்தபோது அதில் அவர் எங்கேயும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதர் எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துபோனார். மெத்தப் படித்தவர்கள் ஒரு அறை நிறைய இருந்தோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

முதலில் எங்கள் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றை ஆராய்வது எங்கள் துறையின் வேலை. ஆற்றுக்கு வரும் மழையை ஒருவர் பார்ப்பார், அது அடித்துக்கொண்டு வரும் மணலை இன்னொருவர் பார்ப்பார், கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை நான் பார்க்கிறேன். ஆறு என்னவோ ஒன்றுதான். நாங்கள் ஒரு நீண்ட நடைபாதையின் இரண்டு பக்கமும் அறை அறையாக உட்கார்ந்து அதைப் பங்கு பிரித்து வைத்திருந்தோம். யாருடைய கதவையாவது தட்டினால் முதலில் உள்ளே கணினித் திரை அணையும், அப்புறம்தான் கதவு திறக்கும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடியே பேசி அனுப்பிவிடுவார்கள். கைவசம் இருக்கும் எண்களை வெளியே விட்டால் யாராவது கட்டுரையாக்கிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை, அப்படிச் சூடுபட்டவர்கள் எங்களிலேயே இருந்தார்கள்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. சக ஆசிரியர்களோடு அறிவைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு மதிப்பெண் உண்டு, அது பதவி உயர்வில் சேரும் என்று சுற்றறிக்கை வந்தது. உடனே எல்லோரும் பகிர ஆரம்பித்தோம். எதை? ஏற்கனவே அச்சாகி ஊரே படித்து முடித்த கட்டுரைகளை. ஒரு புண்ணியவான் தன் பழைய பாடக் குறிப்பைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு மதிப்பெண் வாங்கினார். மேசை இழுப்பறைக்குள் இருந்தது இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது.

இந்த நிலையில்தான் மக்கு சார் வேறொரு கல்லூரியிலிருந்து எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தார். ஆறு முன்பு எங்கெங்கே ஓடியது, எப்போது தடம் மாறியது என்று பார்ப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் சட்டை, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். அவர் வந்த வாரத்தில் மழையை ஆராய்பவர், அவரை மழைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு உரை நிகழ்த்தினார். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் இவர் கையைத் தூக்கினார்.

"சார், எனக்கு ஒண்ணுமே புரியல. மழைய எப்படி அளக்கறீங்க? இந்த மக்குக்கு முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்களேன்."

அறையில் சிரிப்பு. மழைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கோபக்காரர், கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் கேட்டவர் முகத்தில் கிண்டல் இல்லை. சரி என்று மழையை அளக்கும் கதையைத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே போனவர் தன்னையறியாமல், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மழைமானியின் மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், பல வருடங்களாக அதன் எண்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

அடுத்து மக்கு சார் செய்தது இன்னும் வேடிக்கை. வியாழக்கிழமை மதியம் தேநீருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்த வேலையைக் கொண்டுவரக் கூடாது, சொதப்பியதை மட்டும்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கூட்டம் ஆரம்பித்தார். முதல் வியாழன் அவரே தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு வரைபடத்தை விரித்து, "இந்த வளைவைப் பாருங்க. ஆத்தோட பழைய தடம்னு ஆதாரத்தோட எழுதினேன். அச்சும் ஆச்சு. அப்புறம் நேர்ல போய்ப் பார்த்தா செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி" என்றார். துறைத் தலைவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அவர் அப்படித் தன் குழியைக் காட்டிய பிறகு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. நல்ல மழை பெய்த ஒரு வருடத்தில் என் கிணறுகளில் உப்பு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. கருவிக் கோளாறு என்று சொல்வார்களோ என்று அந்த எண்களை யாரிடமும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு வியாழன் அதைச் சொன்னேன்.

"மழை பெஞ்சா உப்பு குறையணும்தானே? ஏன் ஏறுது?" என்றார் அவர்.

"தெரியல சார்."

"எனக்கும் புரியல. மறுபடி சொல்லுங்க."

"எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். எனக்குத் தெரியல!" என்று கத்தியேவிட்டேன். அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னதும் உடம்பு லேசானது. மூலையில் உட்கார்ந்திருந்த மழைக்காரர், அந்த வருட மழை முழுவதும் சில நாளிலேயே கொட்டி, மண்ணில் இறங்காமல் கடலுக்கு ஓடிவிட்டது என்றார். மக்கு சார் தன் வரைபடத்தை எடுத்து வந்து என் கிணறுகளைக் குறித்த தாளின் மேல் வைத்துப் பார்த்தார். உப்பு ஏறிய கிணறுகள் எல்லாம் புதைந்துபோன ஒரு பழைய தடத்தின் மேல் வரிசையாக நின்றன. அந்த மணல் வழியாகத்தான் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து அதை எழுதினோம்.

எங்களைப் பேசவைத்தது அவருடைய கேள்விகள் மட்டுமில்லை. எங்கே எதைப் பேசினாலும் அது யார் சொன்னது என்று சொல்லாமல் அவர் தாண்ட மாட்டார். வெளியூர்க் கருத்தரங்குகளில், மேலதிகாரிகள் முன்னால், தேநீர்க் கடையில்கூட, "இது என்னோடது இல்ல, எங்க மழைக்காரர் கண்டுபிடிச்சது", "இது கிணத்து மேடம் சொல்லி எனக்குத் தெரியும்" என்பார். கிணத்து மேடம் நான்தான். அதனால் அவரிடம் சொன்னால் பொருள் களவு போகாது, பெயரோடு நாலு இடம் போய்வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மதிப்பெண்ணும் சுற்றறிக்கையும் சாதிக்காததை அந்த ஒரு பழக்கம் சாதித்தது. நடைபாதையில் கதவுகள் திறந்தே கிடந்தன. அறைக்கு அறை ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். எங்கள் துறைக்கு வாழ்வு வந்த காலம் அது.

அப்போதுதான் ஆற்றுப் புத்தகம் என்ற யோசனை பிறந்தது. ஆளுக்கொரு அத்தியாயம், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் அத்தியாயம் ஒன்று. அதை மக்கு சார்தான் எழுத முடியும். ஏனென்றால் மழையும் மணலும் உப்பும் எப்படி ஒன்றோடு ஒன்று போகின்றன என்பது அவர் ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் ஒருவர்தான் எல்லோரிடமும் கேட்டிருந்தார்.

மற்ற அத்தியாயங்கள் வந்துவிட்டன. அவருடையது வரவில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்சம் புரியணும், அவசரப்படுத்தாதீங்க" என்பார். முன்பு கேட்ட கேள்வியையே மறுபடி வந்து கேட்பார். மழையை எப்படி அளக்கிறீர்கள் என்று மழைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த வருடம் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் காதிலும் விழட்டும் என்று கேட்கிறார், என்ன மனசு பாருங்கள் என்று வியந்தோம். என் அறைக்கு வந்து உப்பு ஏறியதற்கான காரணத்தைக் கேட்டபோது நானும் உற்சாகமாக, அவர் வரைபடத்தையே விரித்து வைத்து, அவர் கண்டுபிடித்ததை அவருக்கே விளக்கினேன். "அடடே, பிரமாதம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் யாராவது கவனித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தபால் நிலைய அதிகாரி. அந்தச் சமயத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். வாரக் கடைசியில் வந்து, சமைத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் இல்லை. வாரத்தின் மற்ற நாளெல்லாம் அவரைப் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வெளியிலிருந்து வந்த விருந்தினர்கள் முன்னால் பேசும்போது, மலையடிவாரத்து மழைமானி தவறு என்று நிரூபித்தது கிணத்து மேடம்தான் என்று என்னைக் காட்டிச் சொன்னார். அது மழைக்காரர் வெயிலிலும் மழையிலும் ஏறி இறங்கிச் செய்த வேலை. மழைக்காரர் அங்கேயே எழுந்து போய்விட்டார். அன்று மாலை நடைபாதையில் ஒரே அமளி.

"இத்தனை வருஷமா நனைஞ்சது நானு, பேரு அவங்களுக்கா?" என்று கத்தினார் மழைக்காரர்.

"தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றார் மக்கு சார், கையைப் பிசைந்துகொண்டு.

"நீங்களா தப்பாச் சொல்றது? யார்கிட்ட காது குத்தறீங்க? நீங்க பேர் விஷயத்துல ஒரு நாளும் தப்பு பண்ணதில்ல சார்."

அதுதான் உண்மை. அவர் அதில் ஒருநாளும் தவறியதில்லை. அப்படிப்பட்டவர் தவறினால் என்ன காரணம் இருக்கும் என்று ஒரு சின்னக் குழந்தையிடம் கேட்டிருந்தால், தாத்தாவுக்கு மறந்துபோயிருக்கும் என்று சொல்லியிருக்கும். நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் இல்லையா? ஆளுக்கொரு கொள்கை வகுத்தோம். துறைத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலிக்காக இவர் ஆள் சேர்க்கிறார் என்றார் ஒருவர். மேலிடத்தில் மழைக்காரர் மீது அதிருப்தி, அதைத் தெரிந்துகொண்டு கைகழுவுகிறார் என்றார் இன்னொருவர். ஆதாரங்கள் கொடுத்தோம், எதிர்வாதம் செய்தோம். மழைக்காரர் வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார். நடைபாதையில் மறுபடியும் ஒரு கதவு மூடிக்கொண்டது.

கடைசி அத்தியாயத்தை எழுத்தில் கேட்டு அலுத்துப்போன துறைத் தலைவர், எழுதாவிட்டால் போகிறது, ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் பேசிவிடுங்கள், நாங்கள் அதை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று ஒரு நாளைக் குறித்தார். பெரிய அரங்கு. பக்கத்துத் துறைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். முறைத்துக்கொண்டிருந்த மழைக்காரர்கூடக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மக்கு சார் மேடை ஏறி, திரையில் இருந்த ஆற்றின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் பேசப் போறதில்ல. இந்த ஆறு எங்கேர்ந்து வருது? மழையில இருந்து ஆரம்பிப்போம். மழையப் பத்தி யாருக்குத் தெரியும்? எனக்குச் சொல்லுங்க."

எல்லோரும் மழைக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முரண்டு பிடித்துவிட்டு எழுந்து சொல்ல ஆரம்பித்தார். பிறகு மணல். பிறகு என் கிணறுகள். ஒருவர் முடித்ததும் "அப்புறம்? அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?" என்று அவர் கேட்பார், இன்னொருவர் துள்ளி எழுவார். அரங்கே பேசியது. அவர் ஒரு வரி சொல்லவில்லை. முடிந்தபோது கைதட்டல் ஓயவில்லை. தான் பேசாமல் எங்களைப் பேசவைத்த அந்த அழகை என்னவென்று சொல்வது என்று பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைக்காரர் மேடைக்கே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தியாயம் மட்டும் வரவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, மறந்து வைத்த குடையை எடுக்க நான் திரும்பி வந்தேன். வெயில் இன்னும் இருந்தது, ஜன்னல் வழியாக நாற்காலிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் முதல் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், வெளிய போற வழி எது?"

"விட்டா பேரு என்னன்னு கேப்பீங்க போல" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் கேக்கறேன்மா" என்றார்.

அந்த அரங்குக்கு வாசல் ஒன்றுதான். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளா சார்?"

"சரியாத் தெரியல. போன வருஷமே ஆரம்பிச்சிருச்சு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்தது. அதனால எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு."

"உடனே தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல? அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

பையின் வாரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். "எங்க அண்ணனை நடுவுல உக்கார வெச்சுக்கிட்டே அவரைப் பத்திப் பேசுவாங்க. அவர் அங்க இல்லாத மாதிரி. நானும்தான் பேசினேன்" என்றார். வாரை விட்டுவிட்டு, "இங்க எனக்கு வசதியாப் போச்சும்மா. நான் என்ன கேட்டாலும் நீங்க சந்தேகப்படல. எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொன்னீங்க" என்றார்.

"எங்ககிட்ட மறந்துபோச்சுன்னு சொன்னா நாங்க என்ன சார் பண்ணியிருப்போம்? கடிச்சா தின்னிருப்போம்?"

"தெரியலன்னு சொன்னா சொல்லித் தருவீங்க. மறந்துபோச்சுன்னு சொன்னா, ஐயோ பாவம்னு பார்ப்பீங்க. அப்புறம் யாரும் எதையும் என்கிட்ட சொல்ல மாட்டீங்க."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று இப்போதும் தெரியவில்லை. ஒரு கட்டடம் முழுக்க, தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை என்று ஆக்கிக் காட்டிய மனிதர் இவர். அவருக்கு ஒன்று வந்தபோது அதைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் இடம் இல்லை. எங்களை எல்லாம் திறந்துவிட்டு, தான் மட்டும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"புத்தகம் முடியற வரைக்கும் சொல்லாதீங்க. முடிச்சுருவேன். இன்னிக்கு எல்லாரும் சொன்னதைக் கேட்டப்போ பாதி ஞாபகம் வந்தது" என்றார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, அந்த ஒரே வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். அங்கிருந்தே அவர் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அக்கா மறுநாள் காலையில் வந்து இறங்கிவிட்டார்.

மருத்துவரிடம் நானும் போயிருந்தேன். இது நிற்கிற நோய் இல்லை என்றார். முன்பே வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்டார், ஒன்றும் ஆகியிருக்காது என்ற பதிலை வேண்டி.

"முன்னாடியே வந்திருந்தாலும் இதை நிறுத்தியிருக்க முடியாதும்மா. ஆனா மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். முக்கியமா, எதை முடிக்கணும், எதை விடணும், யார்கிட்ட என்ன சொல்லணும்னு அவரே தீர்மானம் பண்ணியிருக்கலாம். அந்தத் தெளிவான காலம்தான் போயிருச்சு" என்றார் மருத்துவர்.

அந்தத் தெளிவான காலத்தைத்தான் நாங்கள் பதில் சொல்லிச் சொல்லியே கழித்திருந்தோம்.

செய்தி கேட்டதும் மழைக்காரர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது நடைபாதை வரை கேட்டது. "பேருக்காக சண்டை போட்டேனே, படுபாவி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதை மணல்காரர் போய் நிறுத்த வேண்டியிருந்தது. அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. யார் யாரிடம் எந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டார் என்று அன்று சேர்த்துப் பார்த்தோம். சேர்த்துப் பார்ப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்தான். கொஞ்சம் முன்னால் செய்திருக்கலாம்.

கடைசி அத்தியாயத்தை நாங்களே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஆளாளுக்குத் தன் பங்கைச் சொன்னோம். "அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்க ஆளில்லை. நானே கேட்டுப் பார்த்தேன், என் குரலில் அது குற்றம் கண்டுபிடிப்பது போல ஒலித்தது. பிறகு யார் பெயர் முதலில் வருவது என்ற பேச்சு வந்தது. அதோடு அது நின்றது. புத்தகம் கடைசி அத்தியாயம் இல்லாமலே வெளிவந்தது. வியாழக்கிழமைக் கூட்டம் இன்னும் சில வாரம் நொண்டி அடித்தது. வந்தவர்கள் முடிந்த வேலையைக் கொண்டுவந்து காட்டினார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நடைபாதையில் இப்போது கதவைத் தட்டினால் முதலில் திரை அணைகிறது. என் அறையிலும்தான்.

அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். கூட்டம் நின்றுபோனதால் வியாழன் மதியங்களில் நான் அங்கே போகிறேன். அவர் ஜன்னலோர நாற்காலியில் சுத்தமாகச் சவரம் செய்து உட்கார்ந்திருப்பார். நான் யார் என்று தெரியாது, ஆனால் வந்தவரை மதித்து எழுந்து நிற்பார். அக்காவையே சில நாள், "அந்தம்மா நல்லாப் பாத்துக்கறாங்க" என்று என்னிடம் சொல்வார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றுவார். நான் எதையாவது பேச வேண்டுமே என்று என் கிணறுகளைப் பற்றிப் பேசுவேன்.

போன வியாழன் அப்படித்தான், யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். கடலை ஒட்டி இருக்கும் ஒரு கிணறு, உப்பாகத்தான் இருக்க வேண்டும், நல்ல தண்ணீராக மாறிக்கொண்டு வருகிறது. துறையில் இதை ஒருவரிடமும் வாய்விடவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை.

"உப்பு குறையுதுன்னா நல்ல தண்ணி எங்கேர்ந்தோ வரணுமே. எங்கேர்ந்து வருது?"

"தெரியல சார்."

"எனக்கும் புரியல. முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கவலைப்பட்டவர் போல முன்னால் குனிந்தார்.

"இதை ஏம்மா என்கிட்ட வந்து சொல்றீங்க? உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லலாமே?"

"அங்க யார்கிட்ட சார் சொல்றது?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முகம் தெளிந்தது.

"அங்க ஒருத்தர் இருக்காரு. பேரு வரமாட்டேங்குது. கொஞ்சம் மக்கு, எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி கேப்பாரு. ஆனா நல்ல மனுஷன், யார் சொன்னதுன்னு சொல்லாம விட மாட்டாரு. அவர்கிட்ட பயப்படாம சொல்லலாம். போய்ப் பாருங்க."

சமையலறை வாசலில் அக்கா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சரி சார். போய்ப் பாக்கறேன்."

"நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்றார்.